வண்டி முன்னால் போய்விட்டது

மேஜர் மேடம் உட்கார்ந்து நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். படூரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒரே தளத்தில், எதிரெதிர் வீட்டில் ஆறு வருடம் இருந்தோம். அவர் சாப்பிடுவது நின்றுகொண்டு. பேப்பர் படிப்பது பால்கனிக் கம்பியில் சாய்ந்துகூட இல்லை, நேராக நின்றுகொண்டு. ஃபோன் வந்தால் வராண்டாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. அவர் வீட்டில் ஒரே ஒரு நாற்காலி உண்டு. அதன்மேல் இஸ்திரிக்குப் போட வேண்டிய துணி எப்போதும் குவிந்து கிடக்கும். வந்தவர்கள் அந்த நாற்காலியை எத்தனை தடவை பார்த்தாலும், துணியை எடுத்துவிட்டு உட்காருங்கள் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் இன்னும் படாளத்தில் கரும்பு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள், அவரும் இப்போது அங்கேதான் இருப்பதாகக் கேள்வி. ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து மேஜராக ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாதி ஆயுசை வடக்கே கழித்தும் வாய் மட்டும் படாளத்தை விட்டு நகரவே இல்லை. கூடவே தொற்றிக்கொண்டு வந்தது ஒரே ஒரு இந்தி வார்த்தை, "சலோ." கிளம்பு, நட என்று அர்த்தம். காய்கறிக்காரரிலிருந்து குடியிருப்புச் சங்கத் தலைவர்வரை எல்லாருக்கும் அதே சலோதான்.

சங்கக் கூட்டம் என்றால் எங்கள் குடியிருப்பில் மூன்று மணி நேரம் ஓடும். தண்ணீர் லாரி, பார்க்கிங், நாய். அவர் கமிட்டிக்கு வந்த முதல் மாதம் ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். "நின்னுகினே பேசுங்க. காலு வலிச்சா வாய் தானா மூடிக்கும்" என்றார். இருபது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த நாய் விவகாரம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.

எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் நிறையப் பேர். மேஜர் மேடம் வெறுங்கையோடு வந்தார். வந்ததும் போர்வையை உருவினார். "இன்னாம்மா, படுத்துகினே இருந்தா ரத்தம் எப்டி ஓடும்? உக்காந்தா போச்சு. எழுந்திரு. சலோ." தோ அந்த ஜன்னல் வரைக்கும்தான் என்றார். உயிரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனால், தோ அந்தக் கதவு வரைக்கும்தான் என்றார். அவர் சொன்ன தூரம் சொன்ன இடத்தில் முடிந்ததே கிடையாது. நான் அழுதேன். இராட்சசி என்று வாய்க்குள் திட்டினேன். அவர் என் முழங்கையை விடவில்லை. பத்தாம் நாள் நானே நடந்து போய்க் கீரை வாங்கி வந்தேன். அன்றிலிருந்து அந்த அம்மாள்மேல் எனக்குப் பைத்தியம். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து, எனக்கு அவரைப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது மாடியில் பக்கவாதம் வந்து படுத்த ஒரு வங்கி மேனேஜர் இருந்தார். அவரைக் காலையும் மாலையும் படிக்கட்டில் ஏற்றி இறக்கியது மேடம்தான். அந்த மனிதர் படியில் நின்று குழந்தை மாதிரி அழுவார், அவர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுவாள். ஆறு மாதத்தில் அவர் கோயிலுக்கு நடந்து போனார். குடியிருப்பில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்வோம், ஆனால் சிரித்துக்கொண்டு. படிக்கட்டு கூட்டுகிற பெண் ஒருநாள் இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். "இன்னா, ஒக்காந்துகினு கீற? எழுந்திரு" என்றார் மேடம். தலை சுத்துது மேடம் என்றாள். "ஒக்காந்தா இன்னும் சுத்தும். சலோ." அவள் எழுந்தாள், துடைப்பத்தை எடுத்தாள், நாலு படி கூட்டினாள், மயங்கி உருண்டாள். முன்பல் ஒன்று போயிற்று. மேடமே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, மருந்து போட்டு, தன் வீட்டிலிருந்து ஒரு வாரம் சாப்பாடு கொடுத்தார். மேஜர் மேடம் கண்ணில் பட்டால் மயக்கம்கூட நின்றுகொண்டுதான் வர வேண்டும் என்று நாங்கள் லிஃப்டில் பேசிச் சிரித்தோம். அந்தப் பெண் இப்போதும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு சைக்கிள் குழு உண்டு. தொப்பை போட்ட கணினிக்காரர்கள், முட்டி வலிக்காரிகள், லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சைக்கிள்கள். காயம்பட்ட ராணுவ வீரர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கிக் கொடுப்பதற்காக வருடம் ஒருமுறை ஒரு பயணம் போவோம். கூடுவாஞ்சேரியில் விடியற்காலை கிளம்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம். ஐம்பது கிலோமீட்டர். நன்கொடை கொடுப்பவர்கள் நாங்கள் ஓட்டி முடிப்போம் என்று நம்பிக் கொடுப்பார்கள். நாங்களோ செங்கல்பட்டு தாண்டியதும் பின்னால் வருகிற வேனைத் திரும்பித் திரும்பிப் பார்ப்போம். முதல் வருடம் திருக்கழுக்குன்றத்திலேயே பாதிப் பேர் வேனுக்குள். மகாபலிபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் சைக்கிளை இறக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஓட்டி வந்த மாதிரி வந்து சேர்ந்தோம். நானும்தான்.

இது மேடம் காதுக்குப் போயிற்று. அடுத்த வருடம் அவரே வந்தார். கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள் (சைக்கிள் சீட்டை உட்காருவதில் சேர்க்கக் கூடாது), கழுத்தில் விசில், கூடைக்குள் முதலுதவிப் பெட்டி. எல்லாருக்கும் கடைசியில் நான் வருவேன் என்றார். அப்புறம் வேன் ஓட்டுகிற பாஷா பாயைக் கூப்பிட்டு, "நீ பின்னாடி வராத. முன்னாடி போயி மகாபலிபுரத்துல நில்லு" என்றார்.

பாய்க்குப் புரியவில்லை. "யாருனா விழுந்தா இன்னாம்மா பண்றது?"

"விழுந்தா நான் கீறேன். வண்டி பின்னாடி வந்துச்சின்னா இவங்க ரோட்டப் பாக்க மாட்டாங்க, வண்டியத்தான் பாப்பாங்க. முன்னாடி போயிடுச்சின்னா, வண்டியில ஏறணும்னாலும் மகாபலிபுரம் வரைக்கும் மிதிச்சிதானே ஆவணும்?"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த வருடம் ஒருத்தர் விடாமல் வந்து சேர்ந்தோம். அடுத்த இரண்டு வருடமும் அப்படியே. நன்கொடை கொடுத்தவர்கள் மெச்சினார்கள். மகாபலிபுரத்தில் கடற்கரைப் பக்கம் நின்றிருக்கும் வேன்மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்வது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் என்னை நடக்க வைத்த கதையை நான் புது ஆட்களுக்குச் சொல்வேன். மேடம் என்னைத் தனக்கு முன்னால் கடைசிக்கு முந்தின ஆளாகப் போட்டார். அவசரத்துக்கு பாயைக் கூப்பிட ஃபோன் என்னிடம்தான். மூன்று வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை என்பது எனக்குப் பெருமை.

மேடம் வந்த நாலாவது வருடம், காயம்பட்ட வீரர் ஒருவரே நம்மோடு ஓட்டினால் எப்படி இருக்கும் என்று யாரோ கேட்டார்கள். மேடம்தான் ஏழுமலையைக் கண்டுபிடித்தார். திருக்கழுக்குன்றத்துக்கு மூன்று கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். எல்லையில் கண்ணிவெடியில் இடது கால் போனவன். முட்டிக்குக் கீழே ஒரு சாண் மிச்சம். முப்பது வயது இருக்கும். இரண்டு கறவை மாடு, பால் ஊற்றுவது சைக்கிளில். முதல் தடவை பார்க்கப் போனபோது கால்சட்டையைத் தூக்கி முட்டியைத் தட்டிக் காண்பித்தான்.

"இத எடுத்துடணும்னுதான் சொன்னாங்கக்கா. ஒரு டாக்டரு விடல. நாலு வாட்டி ஆபரேசன் பண்ணி முட்டிய எனுக்குக் குடுத்துட்டாரு. இது கீதுன்றதாலதான் பலவ போட்டு ஒக்காந்து பால் கறக்கறேன், சைக்கிள் மிதிக்கறேன். காலு போச்சின்னு நான் நினைக்கறதே இல்ல. முட்டி கீதேன்னுதான் நினைப்பேன்."

அவன் பெண்டாட்டி கோமதி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "அவ்ளோ தொலைவு இவரு மிதிச்சதில்லக்கா. ரெண்டு ஊருக்குப் பால் ஊத்தறதோட சரி" என்றாள். மேடம் மோரை நின்றுகொண்டே குடித்துவிட்டு, "நான் பின்னாடி இருக்கேன்மா" என்றார். நானும் இருக்கேன் என்றேன். கோமதி என்னைப் பார்த்துத்தான் தலையாட்டினாள்.

பயணத்தன்று காலை ஏழுமலை எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஓட்டினான். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டினார்கள். செங்கல்பட்டு ஏரிக்கரையில் இட்லி சாப்பிடும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். திருக்கழுக்குன்றம் சாலையில் வெயில் ஏறியதும் மெதுவானான். கொஞ்ச நேரத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர சாலையில் குழுவில் யாரும் இல்லை. ஒரு டீக்கடை முன்னால் இறங்கினான். பெஞ்சில் உட்கார்ந்து செயற்கைக் காலைக் கழற்றினான். உறைக்குள் வியர்வை தேங்கி, கால் வழுக்கி வழுக்கி, மிச்சக் காலின் முனையில் தோல் ஒரு ரூபாய் அகலத்துக்கு உரிந்திருந்தது. அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது.

மேடம் குனிந்து பார்த்தார். அப்போது அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். புருவம் சுருங்கி, உதடு இறுகி, ஒரு நர்ஸின் முகமாக இருந்தது. அந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். அது போய்விட்டது. பெட்டியைத் திறந்து மருந்து வைத்துத் துடைத்தார், துணி வைத்தார், பிளாஸ்திரி ஒட்டினார். கை அத்தனை சுத்தமாக வேலை செய்தது.

"மேடம், வண்டி வருமா?" என்றான் ஏழுமலை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"வண்டி மகாபலிபுரத்துல கீது. போயி ஏறிக்கோ."

டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழுமலையும் சிரித்தான். எழுந்து நின்று காலை மாட்டினான். மாட்டும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்தது. என் கையில் ஃபோன் இருந்தது. அவன் காலை மாட்டுவதையும் எழுந்து சைக்கிளைப் பிடிப்பதையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். 'உண்மையான வீரன்' என்று எழுதி, ஏழுமலையையும் சேர்த்திருந்த எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அங்கேயே போட்டேன். பாய்க்கு ஒரு ஃபோன் அடித்தால் அரை மணி நேரத்தில் வந்திருப்பார். எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. மூன்று வருடப் பெருமை, மேடம் முகம், குரூப்பில் விழப்போகும் கைதட்டல், எல்லாம் சேர்ந்து அதை அமுக்கிவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் கோமதி காத்திருந்தாள். இடுப்பில் பெண் குழந்தை, குழந்தை கையில் காகிதக் கொடி. அவனைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"போதுங்க. எறங்குங்க. வூட்டுக்குப் போலாம்."

அவன் ஒரு காலை ஊன்றி நின்றான். இறங்கத்தான் போனான். மேடம் பின்னாலிருந்து விசில் ஊதினார்.

"இன்னாம்மா நீ? உன் வூட்டுக்காரன் சிப்பாயி. ஊரு பாக்குது. இத்தினி தூரம் வந்துட்டு, பொண்டாட்டி கூப்ட்டான்னு வூட்டுக்கு ஓடிட்டான்னு நாளைக்கி உன் பொண்ணு கேக்கணுமா?"

கடை வாசல்களில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். குழந்தை கொடியை ஆட்டியது. ஏழுமலை கோமதியைப் பார்க்கவே இல்லை. மிதித்தான். அவள் குழந்தையோடு சைக்கிள் கூடவே கொஞ்ச தூரம் ஓடி வந்தாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா" என்று என் பக்கம் திரும்பினாள். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் கோமதி என்றேன். பதினைந்து இருந்தது.

அந்தப் பதினைந்து கிலோமீட்டரும் கடல் காற்று எதிரே அடித்தது. மேடம் தன் பழைய சைக்கிளை அவன் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, ஒரு கையை அவன் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். அறுபது தாண்டிய பெண்மணி. "தோ அந்தப் பனமரம் வரைக்கும்தான். தோ அந்தப் போர்டு வரைக்கும்தான்." அவருக்கும் மூச்சு வாங்கியது. அவனை ஏமாற்றவில்லை, எனக்கு அது நிச்சயம். தன் பலத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்துக்கொண்டுதான் வந்தார். அதனால்தான் அவரை வெறுக்கவும் முடியவில்லை.

மகாபலிபுரத்தில் மாலை, சால்வை, மேளம். ஏழுமலை நடுவில் நின்றான். உட்காரவா என்று இரண்டு தடவை கேட்டான். படம் எடுத்து முடியட்டும் என்றார் மேடம். பாஷா பாய்தான் என் பக்கத்தில் வந்து, "அம்மா, பேன்ட்டு ஈரமா கீது பாருங்க, அது வேர்வையில்ல" என்றார். பார்த்தேன். வேர்வைதான் பாய் என்றேன். அவரே போய், ஏழுமலையைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி வேனில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஏழுமலை எனக்குப் புண்ணைப் படம் எடுத்து அனுப்பினான். 'மேடம்கிட்ட காட்டுங்கக்கா' என்று எழுதியிருந்தான். எதிர் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். மேடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உப்புத்தண்ணீரில் கழுவச் சொன்னார். "இன்னும் ரெண்டு நாளு. அப்பறம் காலப் போட்டுகினு நடக்கச் சொல்லு. கழட்டியே வெச்சிருந்தா ஒடம்பு சொகம் கண்டுடும், காலு மறந்துடும்" என்றார். நான் அதை அப்படியே டைப் அடித்து அனுப்பினேன். டாக்டரிடம் காட்டு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவன் சரிக்கா என்று போட்டு ஒரு சல்யூட் பொம்மையும் போட்டிருந்தான். சொன்னபடி மூன்றாம் நாள் காலை மாட்டிக்கொண்டு பால் ஊற்றப் போயிருக்கிறான். ஒரு வாரம் போனான்.

அப்புறம் காய்ச்சல். செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் கோமதி எனக்கு ஃபோன் செய்தாள். சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டதாம், முட்டிக்கு மேலே எடுக்க வேண்டுமாம். முட்டிக்கு மேலே என்பதை மூன்று தடவை சொன்னாள். எடுத்துவிட்டார்கள்.

பாய் வேனில் நானும் மேடமும் போனோம். வழி முழுக்க மேடம் வேனின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபடியே வந்தார். பாய் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

வார்டு வெளியே இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. கோமதி கத்துவாள், செருப்பைத் தூக்குவாள் என்று நினைத்திருந்தேன். அவள் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து எனக்கு இடம் கொடுத்தாள். மேடத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். நான் முதலில் போனேன்.

ஏழுமலை படுத்திருந்தான். இடது பக்கம் போர்வை தொடைக்குக் கீழே படுக்கையோடு படுக்கையாக இருந்தது. நான் அங்கே பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

"மேஜர் மேடம் வந்துகீறாங்களா?"

"வெளியே நிக்கிறாங்க."

"அவங்கமேல எனுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க எல்லாரையும் அப்டித்தான் பண்ணுவாங்க. முதுவுல கை வெச்சித் தள்ளிகினே வந்தாங்க, பாவம். அவங்களாண்ட சொல்லிடுங்க." கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "ஒங்கள ஒண்ணு கேக்கணும், மேடம்."

அதுவரை என்னை அவன் அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"அன்னிக்கி டீக்கடையாண்ட, பாய் நம்பரு ஒங்க ஃபோன்ல இருந்துச்சா?"

"டவர் இல்ல, ஏழுமலை" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு வாயிலிருந்து வந்துவிட்டது.

அவன் தலையணைக்கு அடியிலிருந்து தன் ஃபோனை எடுத்தான். எங்கள் குரூப்பைத் திறந்து, மேலே தள்ளித் தள்ளி, அந்த வீடியோவை எடுத்து என் பக்கம் திருப்பினான். அவன் காலை மாட்டுகிறான். உண்மையான வீரன். ஓரத்தில் நேரம் இருந்தது. கீழே அதே நிமிடம், அடுத்த நிமிடம் என்று வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள்.

"ரோட்ல மிதிச்சிகினு வரச்ச பாக்கெட்டுல இதான் கிணுகிணுன்னு அடிச்சிகினே இருந்துச்சி" என்றான். "சும்மாதான் கேட்டேன்." ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்தேன். மேடம் அதே இடத்தில் நின்றிருந்தார். கால் வீங்கி, செருப்பு வார் தோலுக்குள் பதிந்திருந்தது. வார்டு ஆயா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, "எவ்ளோ நேரம்மா நிப்பீங்க, ஒக்காருங்க" என்றாள். மேடம் வேண்டாம் என்று கையை ஆட்டுவதற்குள் கோமதி சொன்னாள்.

"வேணாம். நிக்கட்டும்."

ஆயா ஸ்டூலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேடம் என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் அந்த மாதிரிப் பார்த்ததில்லை. என் வாயிலிருந்து வரப்போவதற்காகக் காத்திருந்தார்.

"என்னப் பத்தி இன்னா சொன்னான்?"

கோமதி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதைச் சொன்னால், அப்புறம் என்ன சொன்னான் என்று அடுத்த கேள்வி வரும்.

"உங்களாலதான் போச்சுன்னு சொல்றான், மேடம். உங்க முகத்தையே பாக்க வேணாமாம்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்கிற மாதிரி இரண்டு மூன்று தடவை ஆட்டினார். அப்புறம் ஒரு கையைச் சுவரில் வைத்தார். முதுகு சுவரைத் தொட்டது. அப்படியே வழுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார், கால் இரண்டையும் நீட்டி, நடைபாதையில் போகிற வருகிறவர்கள் தாண்டிப் போகும்படியாக. அவர் உட்காருவதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

நான் கோமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் என் கைப்பையை வைத்துக்கொண்டேன்.